முப்பத்தைந்தாம் அட்டை

ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து
நிலக்கீழறையில் எழுதிய நூற்றிருபது கேள்விகள்.
ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் அட்டை.
முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை.
ரப்பர் வளையம் போட்டு
பழைய பிஸ்கட் தகரத்துக்குள்.

வின்னிபெக், பெப்ரவரி, மைனஸ் இருபத்தெட்டு.
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே
மாணவர் பொது அறிவுப் போட்டி என்ற பதாகை;
அறிவில் ஓர் எழுத்து மடங்கியிருந்தது.
நடுவர் பேரின்பநாதன், கணக்காளர்,
அரைப் புள்ளிகூட இரங்காத மனிதர்.
நான் மணி அடிப்பவன்.

ஒரு குச்சியின் நிழலை வைத்து
பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர் யார்?
எரட்டோஸ்தனிஸ்!
கேள்வி முடியுமுன் சாருஜன் அமுக்கிவிட்டான். பத்து.
பார்வை என்பது கண்ணுக்குள் ஒளி வருவதே என்று விளக்கியவர்?
இப்னு அல்-ஹைதம். பத்து.
ரொட்டி ஏன் உப்புகிறது?
ஈஸ்ட், வாயு. பத்து.
(அது என் சொந்தக் கேள்வி.
பன்னிரண்டு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.)

பெயரை எறிந்தால் பிள்ளைகள் பிடிக்கிறார்கள், பந்து மாதிரி.
குச்சி நின்ற ஊருக்கும்
நண்பகலில் நிழலே விழாத ஊருக்கும் இடையில்
அடியெண்ணி நடந்தார்களாம் சிலர்.
அவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.
பின்பக்கம் எழுத என்னிடம் பெயர் இல்லை.

முப்பத்தைந்தாம் அட்டை.
வீதியில் உப்புப் போட்டால் பனிக்கட்டி ஏன் உருகுகிறது?

ஆரபி அமுக்கினாள்.
அமுக்கிவிட்டுப் பேசாமல் நின்றாள்.
நான்கு விநாடி. ஐந்து.
"இண்டைக்கு உருகாது."

கூடம் சிரித்தது.

"இண்டைக்கு அப்பா மண்தான் போட்டவர்.
இவ்வளவு குளிருக்கு உப்புப் போட்டா
அது சும்மா கிடக்குமாம்."

கடைசி வரிசையில் அவளுடைய அப்பா
ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றாமல்
மடக்கு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.
அதிகாலை இரண்டு மணியிலிருந்து லொறி.

பேரின்பநாதன் அட்டையைத் திருப்பினார்.
உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது.
என் கையெழுத்து. இரண்டு அடிக்கோடு.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் மணியைப் பார்த்தேன்.
அடித்தேன்.

கேள்வி அடுத்த மேசைக்குப் போனது.
அட்டையில் இருந்ததை அப்படியே சொன்னான் சாருஜன்.
கடைசியில் அந்தப் பத்துதான் வித்தியாசம்.
ஆரபி அழவில்லை.
இரண்டு ரோல்ஸ் எடுத்தாள்,
ஒன்றைத் தின்றுகொண்டே போய்
மற்றதை அப்பாவை எழுப்பிக் கொடுத்தாள்.

இரவு பதினொரு மணி. என் வீட்டு வாசற்படி.
சமையலறையிலிருந்து ஒரு பிடி உப்பு அள்ளிவந்து
பனிக்கட்டிமேல் தூவிவிட்டு நின்றேன்.
மூக்குக்குள் மயிர் உறைந்தது.
கண்ணாடியில் சிந்திய சீனி மாதிரி
ஈரமில்லாமல் கிடந்தது உப்பு.
காலால் தட்டினேன். உருண்டது.

தாழ்த்துகிறது, சரி. எவ்வளவு?
இருபத்தொன்றுக்குக் கீழே
உப்பின் கை எட்டாது.
உப்பைப் பற்றியே
உப்புச்சப்பில்லாத ஒரு விடை எழுதி
அதற்கு இரண்டு கோடு வேறு.

கேள்வி என்றால் காதால் கேட்பதும்தான்.
நூற்றிருபது எழுதினேன்,
ஒன்றையும் கேட்கவில்லை.

பேனை உறைந்திருந்தது. ஊதி ஊதிச் சூடாக்கி
பின்பக்கத்தைக் குறுக்கே வெட்டினேன்.
விடைக்கு விடைகொடுத்தாயிற்று.
கோப்பை சாருஜன் வீட்டு அலமாரியில்.
பேரின்பநாதனின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது.
அரைப் புள்ளிக்கே இரங்காதவரிடம்
பத்துப் புள்ளியை எந்த வாயால் கேட்பது?

உள்ளேயிருந்து கௌசலா கத்தினாள்:
"கதவைச் சாத்துங்கோ, குளிர் உள்ளுக்கு வருது!"

குளிர் உள்ளே வருவதில்லை,
சூடுதான் வெளியே போகிறது.
இருபத்திரண்டாம் அட்டை.

சொல்ல வாயெடுத்தேன்.
என் கணுக்காலை உரசிக்கொண்டு
ஐஸ் போன்ற காற்று
வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.